கூட்டத்துக்கு மதகு: திருத்தணிப் படிகளும் உலகச் சுற்றுப்பயண மேடைகளும்

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையில் பாட்டுக்கென்று தனி மேடை கிடையாது. 365 படிகளும் மேடைதான். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி, அடுத்த படிக்கு ஏறுகிறார்கள். அடிவாரத்தில் ஒரு குழு தொடங்கும்போது நடுமலையில் இன்னொரு குழு பாடிக்கொண்டிருக்கும். உச்சியில் வேறொரு குழு முடித்திருக்கும். 1917இல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படி விழா இது. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர்களை, தணிகைமலைத் துரையான முருகனைப் பார்க்கத் திருப்பியவர் அவர் என்று சொல்வார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் பாட்டு நிற்கவில்லை.

திருத்தணிக்கு அருகே பொதட்டூர்பேட்டையில் இருந்துகொண்டு உலகச் சுற்றுப்பயணம் வரும் பெரிய இசைக்குழுக்களைப் பற்றி எழுதும்போது இந்தப் படிகளிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன். அந்தக் கச்சேரிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடகரையும் சீட்டு விலையையும் சுற்றியே நடக்கிறது. பல்லாயிரம் பேரை ஓரிடத்தில் சேர்த்து, பாட்டுக் கேட்கவைத்து, பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்விக்கு எங்கள் வட்டாரத்திடம் ஒரு பழைய பதில் உண்டு.

ஓடும் கூட்டம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வருபவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். சென்னைப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். எல்லையைத் தாண்டிச் சித்தூர் மாவட்டத்திலிருந்தும் வருவார்கள். பூக்காவடி, பால்காவடி, பம்பை, மேளம் என்று ஒவ்வொரு ஊரும் தன் இசையைத் தானே தூக்கிக்கொண்டு வரும். அசுவினி, பரணி, கிருத்திகை என்று கூட்டம் நாள்களில் பிரிந்துகொள்கிறது. படி வழியாக ஏறுபவர்கள் ஒரு பக்கம், மலைப்பாதையில் வண்டியில் போகிறவர்கள் இன்னொரு பக்கம். காவடியைச் செலுத்தியவர் இறங்கிவிடுவார். தெப்பம் அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் நடப்பதால், மலையில் இருந்த கூட்டத்தில் ஒரு பகுதி கீழே வந்துவிடுகிறது.

இந்த அமைப்பில் நெரிசல் இல்லை என்று சொல்லமாட்டேன். காவல்துறையும் கோயில் நிர்வாகமும் ஒவ்வோர் ஆண்டும் படும் பாடு பெரிது. ஆனால் இதன் அடிப்படைக் கணக்கு சரியானது: கூட்டம் நிற்பதில்லை, நகர்கிறது. எல்லோரும் ஒரே நொடியில் ஒரே பக்கம் பார்க்க வேண்டிய தேவை இல்லை. தாமதமாக வந்தவருக்கு எதுவும் பறிபோவதில்லை. முருகன் அங்கேயேதான் இருக்கிறான்.

இங்கே பாடப்படுவது எளிய பாட்டும் அல்ல. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அருணகிரிநாதரின் திருப்புகழ், தமிழில் மிகக் கடினமான சந்தங்களைக் கொண்ட நூல்களில் ஒன்று. தாளத்தில் தேர்ந்தவர்களே தடுமாறும் கட்டமைப்பு அதில் உண்டு. அதைத்தான் நெசவாளியும் வியாபாரியும் பள்ளிப் பிள்ளையும் படியில் நின்று பாடுகிறார்கள். தென்னிந்திய இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இந்த மலையில்தான் பாடினார் என்பது மரபு. இசை கடினமாக இருந்தால் மக்கள் விலகிப்போவார்கள் என்ற எண்ணத்தைத் தணிகை மலை வெகுகாலமாக மறுத்துவருகிறது.

கடினமான இசையை வெகுமக்களிடம் கொண்டுபோவதுதான் மேற்கில் 'ஆர்ட் பாப்' என்று சொல்லப்படும் இசையின் ஆசையும். வெகுமக்கள் பாட்டின் மூன்று நிமிட வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் நாடகத்தையும் ஓவியத்தையும் புதிய ஒலிகளையும் சேர்த்து, அதை ஆயிரக்கணக்கானோர் முன்னால் நிகழ்த்துவது. மேடையும் ஒளியும் உடையும் அந்தப் பாட்டின் உறுப்புகளாகிவிடுகின்றன. ஆகவே இந்தக் குழுக்களுக்கு இடம் முக்கியம். எந்தத் திடலிலும் பாடிவிட்டுப் போகிற இசை அல்ல அது.

தேங்கும் கூட்டம்

பெரிய திடலில் மின்னிசைக் கச்சேரி என்ற வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழு ஏறத்தாழ 55,600 பேர் முன் பாடியது அதன் தொடக்கக் கட்டங்களில் ஒன்று. கூட்டத்தின் கூச்சலில் பாட்டு அமுங்கிப்போயிற்று. அன்றைய ஒலிபெருக்கிகளுக்கு அந்த மைதானம் பெரிது. பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்தைச் சேர்க்க முடிந்தது, அந்தக் கூட்டத்துக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்க முடியவில்லை.

ஒலிச் சிக்கலுக்குப் பின்னால் தீர்வு கிடைத்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு ஏறத்தாழ 0.3 நொடி தாமதமாகவே வந்துசேரும். அதனால் திடலின் நடுவிலும் பின்பக்கத்திலும் கோபுரங்கள் நிறுத்தி, மேடை ஒலி அங்கே வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அவற்றின் ஒலியைப் பிந்தவைக்கிறார்கள். மேடையின் இரு பக்கமும் வாழைத்தார் போல வளைந்து தொங்கும் ஒலிபெருக்கி வரிசைகள், முன்வரிசையின் காதைப் பிளக்காமல் கடைசி வரிசைவரை ஒலியை ஒரே அளவில் கொண்டுபோகும் நோக்கத்தில் வந்தவை.

கூட்டச் சிக்கலுக்கோ உயிர்கள் போயும் முழுத் தீர்வு வரவில்லை. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' குழுவின் கச்சேரிக்கு வந்த 11 பேர், கச்சேரி தொடங்குவதற்கு முன்பே, வாசலுக்கு வெளியே நெரிசலில் இறந்தார்கள். பெரும்பாலான சீட்டுகளில் இருக்கை எண் இல்லை. முன்னால் போகிறவருக்கு முன்னிடம். திறந்திருந்த கதவுகளோ மிகச் சில. 2021 நவம்பர் 5 அன்று ஹூஸ்டனில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசல் 10 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் ஒரு கணக்கைச் சொன்னார்: ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் கூட்டம் ஏறக்குறைய நீராகிவிடுகிறது. அந்த நிலையில் தனிமனித விருப்பம் என்று ஒன்று கிடையாது. அலை வந்தால் எல்லோரும் சேர்ந்தே சாய்வார்கள். இப்படி இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறக்கிறார்கள். எனவே "மக்கள் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை" என்ற வழக்கமான குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. அந்த அடர்த்தி வருவதற்கு முன்பே தடுக்க வேண்டியவர்கள் வாசலையும் வழியையும் அமைத்தவர்கள்.

எங்கள் தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. கூட்டக் கணக்கைப் புரிந்துகொள்ள எங்களுக்கு வேறு உவமை தேவையில்லை. ஏரி வெட்டத் தெரிந்தவர் கரையின் உயரத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். வரத்துக்கால் எங்கே, மதகு எங்கே, நிரம்பினால் மிகுநீர் வழியும் கலங்கல் எங்கே என்று பார்ப்பார். மேலே கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். திருவிழாக் கூட்டம் ஓடும் ஆறு. கச்சேரிக் கூட்டம் தேங்கும் ஏரி: எல்லோரும் ஒரே மாலையில் வந்து, ஒரே திசையைப் பார்த்து நின்று, ஒரே நிமிடத்தில் கலைகிறார்கள். ஏரிக்கு மதகும் கலங்கலும் இல்லையென்றால் கரை உடையும்.

கரை உடைந்த இரவுகள்

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரில், ஏ. ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி நடந்தது. ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்து மழையால் தள்ளிப்போன கச்சேரி அது. கையில் சீட்டு வைத்திருந்த பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தார்கள். நெரிசலில் தங்களிடம் சிலர் அத்துமீறினார்கள் என்று பெண்கள் எழுதினார்கள். சாலை அடைத்துக்கொண்டது, முதலமைச்சரின் வாகன வரிசையும் அதில் சிக்கியது. சுமார் 20,000 பேர் என்று சொல்லி அனுமதி பெற்ற இடத்துக்கு அதைவிட மிக அதிகமானோர் வந்தது பின்னர் பேசுபொருளாயிற்று. உள்ளே வர முடியாதவர்கள் சீட்டின் நகலை அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார். பொறுப்பைத் தாம் ஏற்பதாகவும் பொதுவில் எழுதினார்.

அன்று மேடையில் இசை நன்றாகவே இருந்தது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் கச்சேரி என்பது மேடையில் நடப்பது மட்டும் என்ற எண்ணம் அந்த இரவோடு முடிந்திருக்க வேண்டும். சீட்டு ஒரு வாக்குறுதி. இந்த நேரத்துக்கு, இந்த இடத்தில், உனக்கு ஓர் இருக்கை உண்டு, வரவும் போகவும் வழி உண்டு என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்பது, மதகைக் கட்டாமல் ஏரிக்குள் ஆற்றைத் திருப்பிவிடுவது.

ஐந்து மாதங்கள் கழித்து, 2024 பிப்ரவரி 9 அன்று, யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் கச்சேரி நடந்தது. அங்கே சீட்டு வாங்கியவர்களுக்கு முன்பகுதி, மற்றவர்களுக்குப் பின்பகுதி. பின்னால் நின்றவர்கள் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னேறினார்கள். கச்சேரி சிறிது நேரம் நின்றது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அதே முற்றவெளியில் சந்தோஷ் நாராயணன் 'யாழ் கானம்' நிகழ்ச்சியை இலவசமாக நடத்தியிருந்தார். ஊர் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு வெளியைக் குறுக்கே தடுத்து, பாதிக்கு விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பிப்ரவரி இரவு காட்டியது. வேலிக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டவருக்கும் பாட்டின் மேல் உரிமை உணர்வு இருக்கிறது. கோயில் திடலில், உபயதாரர் செலவில், முன்னால் உட்கார்ந்து கேட்டுப் பழகிய சமூகம் இது. அந்தப் பழக்கத்தை மதித்துத்தான் புதிய ஏற்பாட்டைத் திட்டமிட வேண்டும்.

2025இல் சில மாற்றங்கள் தெரிந்தன. பிப்ரவரி 5 அன்று பாடகர் எட் ஷீரன் தம் உலகச் சுற்றுப்பயணத்தின் பகுதியாகச் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் பாடினார், ரஹ்மானும் மேடையேறினார். நகருக்குள், மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ள திடல் அது. அனிருத்தின் 'ஹுக்கும்' சுற்றுப்பயணத்தில் ஜூலை 26 அன்று திருவிடந்தையில் நடக்கவிருந்த கச்சேரி, சீட்டுக்கு எழுந்த தேவையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று கூவத்தூர்ப் பக்கத்தில் பெரிய இடத்தில் நடந்தது. கூட்டத்தைப் பார்த்து இடத்தை மாற்றியது நல்ல பாடம். ஆனால் இடம் பெரிதாகப் பெரிதாக, அது ரயிலிலிருந்தும் பேருந்திலிருந்தும் விலகிக்கொண்டே போகிறது.

ஒரே கூடம், பல இரவுகள்

கூட்டத்தை அடக்க இடத்தைப் பெரிதாக்குவதைத் தவிர இன்னொரு வழி உண்டு. அதை ஆர்ட் பாப் கலைஞர்களே காட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் 1979இல் ஒரே ஒரு சுற்றுப்பயணம் போனார். பாடிக்கொண்டே ஆடுவதற்காக, தலையில் மாட்டிக்கொள்ளும் கம்பியில்லா மைக் அந்தப் பயணத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. துணி மாட்டும் கம்பியை வளைத்துச் செய்தார்கள். பிறகு 35 ஆண்டுகள் அவர் அப்படி ஒரு தொடர் கச்சேரி நடத்தவில்லை. 2014இல் திரும்பி வந்தபோது, நினைத்திருந்தால் எத்தனை பெரிய மைதானத்தையும் நிரப்பியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள அப்போலோ அரங்கத்தை. உட்கார்ந்து பார்ப்பதானால் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கே இடம். அங்கே 22 இரவுகள் நிகழ்த்தினார். கைப்பேசியை எடுக்காமல் பார்க்கும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். ஒரே இரவில் எழுபதாயிரம், எண்பதாயிரம் பேரை ஒரு மைதானத்தில் நிறுத்துவதற்குப் பதில், அத்தனை பேரையும் ஆறு வாரங்களில் மரியாதையாக உட்காரவைத்தார்.

2025 மார்ச் 8 அன்று இளையராஜா தம் 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றியதும் இதே அப்போலோவில்தான். இளையராஜாவின் பண்ணைப்புரத்து இசைக்கும் கேட் புஷ்ஷின் இசைக்கும் ஒரே கூடம் பொருந்தியது. கேட்கும் இசைக்கு ஏற்ற அளவில் ஓர் இடம் இருந்தால், எந்த மொழியின் இசையும் அங்கே வந்து தங்கும்.

பிங்க் ஃபிளாய்ட் குழு 1980-81இல் 'தி வால்' இசைத்தொகுப்பை மேடையேற்றியபோது நான்கே நகரங்களில், ஒவ்வொன்றிலும் பல இரவுகள் என்று 31 முறை நிகழ்த்தியது. மேடையின் குறுக்கே ஒரு பெருஞ்சுவர் எழுப்பப்பட்டு இறுதியில் இடிக்கப்படும் நிகழ்ச்சி அது. அந்த மேடையை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. எனவே ஊரில் தங்கினார்கள்.

ஓரிடத்தில் பல இரவுகள் என்பது எங்களுக்குப் புதிதல்ல. இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்கினி வசந்த விழாவில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பாரதக் கதை நாள்கணக்கில் போகும். அர்ச்சுனன் தபசு ஓர் இரவு, கர்ண மோட்சம் ஓர் இரவு. கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். கூத்து ஜமா ஊரிலேயே தங்கும். ஒரு நாள் வர முடியாதவர் மறுநாள் வருவார். கலைஞருக்கும் ஊருக்கும் உறவு உண்டாக அந்த இரவுகள் இடம் கொடுக்கும்.

எந்த மொழியின் இசையும் தங்கும் என்றேன்; அந்த மொழி பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலை 8 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ரஹ்மானின் 'நேற்று, இன்று, நாளை' கச்சேரியில் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று சொல்லி இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள்; பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் பழக்கம் வேறு. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தோடு இருந்தது. ம. பொ. சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் எல்லையை வகுத்த படாஸ்கரின் தீர்ப்புக்கும் பிறகே தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்காகப் போராடிய அதே மண்ணில், காவடிக்குத் தெலுங்குப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் ஒரே படியில் ஏறுகின்றன. கேட்கும் காதுக்கும் பயிற்சி வேண்டும். அதைத் தருவது திருவிழா.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் ஊர் தறி ஓடும் ஊர். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் பாட்டைக் கேட்கப் பழகிய காதுகள் இங்கே அதிகம். உலகத்தின் எந்த மூலையில் வெளியான இசையும் அன்றே இங்குள்ள இளைஞரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழு சென்னைக்கு வந்தால் அவரால் போக முடியுமா?

பேருந்தில் திருத்தணி, அங்கிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு மின்சார ரயில். அதுவரை சிக்கலில்லை. கச்சேரி நந்தனத்தில் என்றால் மெட்ரோவில் போய்விடலாம். பனையூர் என்றால் கடற்கரைச் சாலையில் இன்னொரு நீண்ட பயணம். கூவத்தூர் என்றால் மகாபலிபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்ட வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மாநில அரசு ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே நள்ளிரவுவரை தளர்த்தலாம். சரியாக 10 மணிக்கு முடிந்தாலும், கூவத்தூரிலிருந்து அன்றிரவே திருத்தணி ரயிலைப் பிடிக்க வழியில்லை. சீட்டு விலையோடு அறை வாடகையும் வண்டிச் செலவும் சேர்ந்துகொள்கின்றன. ஓர் இரவுப் பாட்டுக்குத் தறிக்கூலியில் பல நாள் போய்விடும்.

லண்டன் ஓ2 அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் கூரைக்கு அடியில் உட்காரலாம். வாசலிலேயே சுரங்க ரயில் நிலையம். அப்படி ஓர் இசையரங்கம் சென்னையில் இல்லை. பெரியமேட்டில் உள்ள நேரு உள்விளையாட்டரங்கம் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இருப்பது பெரிய வசதி. ஆனால் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட அதில் சில ஆயிரம் பேரே உட்கார முடியும். கூரையுள்ள அரங்கம் இருந்தால் மழைக்குப் பயமில்லை. ஒலி ஊரைத் தொந்தரவு செய்யாது. விளக்கையும் ஒலிபெருக்கியையும் தொங்கவிட நிரந்தர ஏற்பாடு இருக்கும். வாசல்களும் வெளியேறும் வழிகளும் ஒருமுறை கணக்கிட்டுக் கட்டப்பட்டிருக்கும். இன்று ஒவ்வொரு கச்சேரிக்கும் வெறுந்திடலில் எல்லாவற்றையும் புதிதாக நட்டுப் பிடுங்குகிறோம். தவறு நேர்வதற்கான வாய்ப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது.

அரசு அப்படி ஓர் அரங்கத்தைக் கட்ட வேண்டும்; ரயிலோ மெட்ரோவோ நிற்கும் இடத்தில் கட்ட வேண்டும். அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. எத்தனை பேருக்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறது என்ற எண்ணைச் சீட்டிலேயே அச்சிடச் சொல்லலாம். எந்த வாசலில் நுழைவது, எந்த வாசலில் வெளியேறுவது என்பதையும் அதில் போடச் சொல்லலாம். தேவை அதிகமானால் திடலை நெரிக்காமல் இரண்டாவது இரவைச் சேர்க்கச் சொல்லலாம். 2025 ஜனவரியில் கோல்ட்பிளே குழு நவி மும்பையில் மூன்று இரவுகள் பாடியது. சென்னைக்கு அது எட்டாததல்ல. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டச் சீட்டையே மெட்ரோ பயணச்சீட்டாக ஏற்றுக்கொண்டதுபோல, கச்சேரிச் சீட்டோடு ரயிலையும் இணைக்கலாம்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேரை நெரிசலில் இழந்த மாநிலம் இது. இனி கூட்டம் எதற்காகக் கூடினாலும் வாசல் கணக்கை முதலில் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

அடுத்த முறை ஓர் உலகச் சுற்றுப்பயணப் பட்டியலில் சென்னையின் பெயரைப் பார்க்கும்போது மகிழுங்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு இடம்? எத்தனை வாசல்? திரும்பிவர எந்த ரயில்? பதில் சொல்ல முடிந்தவர்களிடம் மட்டும் சீட்டு வாங்குங்கள்.